நனைந்த துணி

சென்னையில் ஆபரேஷன் முடிந்து எங்கள் நாய் மிளகைத் திருச்சிக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் இரவு. மணி இரண்டு இருக்கும். அவனுக்கு அடியில் விரித்திருந்த வேட்டித் துணி மறுபடி நனைந்திருந்தது. அன்றைக்கு அது ஏழாவது துணி. மாற்றிக்கொண்டே, "பாருங்க, தானாவே போயிடறான். தேறிட்டு வர்றான்" என்றேன். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் சமயபுரத்தாள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை, உறையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் வந்தார். தையலைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றுதான் கூப்பிட்டிருந்தேன். அவர் தையல் பக்கமே போகவில்லை. மிளகைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடிவயிற்றில் கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் ஒரு முழுச் சாத்துக்குடி இருந்தது. விறைத்து, கல் மாதிரி.

"டீச்சர், இது போறது இல்ல, வழியறது. மொட்டை மாடி டேங்க் நெரம்பினா ஓவர்ஃப்ளோ பைப்புல வழியுமே, அது மாதிரி."

முப்பத்தொரு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தியவள் நான். தண்டுவடத்தின் குறுக்குவெட்டுப் படத்தைப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் போடுவேன். ஆனாலும் அந்தச் சாத்துக்குடியை மூன்று நாளாக நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் நான்கு மாத்திரைகளின் பெயர், 'முழு ஓய்வு', தையல் பிரிக்கும் தேதி, இவ்வளவுதான் இருந்தன. அந்த மருத்துவர்கள் கெட்டிக்காரர்கள். என் பிள்ளையின் முதுகைத் திறந்து மூடி உயிரோடு கொடுத்தவர்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு வரக்கூடிய கெடுதல்களில் பாதி, நாயை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் வருகிறது. அதை எதிர்கொள்ளப்போவது வீட்டில் இருக்கிறவர்கள். அவர்களுக்குச் சொல்லித்தராமல் அனுப்பக் கூடாது. அன்று எனக்குத் தெரியாமல் போனவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மிளகு ஒரு டாஷ்ஹண்ட். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு செம்புள்ளி, நீண்ட முதுகு, குட்டைக் கால். அப்போது ஆறு வயது, ஒன்பது கிலோ. ஜெர்மனியில் வளைக்கரடியின் பொந்துக்குள் புகுந்து வேட்டையாட உருவாக்கிய இனம். 'டாக்ஸ்' என்றால் ஜெர்மன் மொழியில் வளைக்கரடி. அந்தக் குட்டைக் காலைக் கொடுத்த மரபுதான் முதுகையும் கெடுக்கிறது. எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சி மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று 12-ஆவது குரோமோசோமில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றும், முதுகு வட்டுகள் இளமையிலேயே கெட்டுப்போக அதுவே காரணம் என்றும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2017-இல் கண்டுபிடித்தார்கள். டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் இந்தத் தொல்லை வருகிறது. பீகிள், ஃபிரெஞ்ச் புல்டாக், பெக்கிங்கீஸ் இவற்றுக்கும் உண்டு.

வட்டு என்பது முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. டிஸ்க் என்றால் எல்லோருக்கும் புரியும். நாய்க்குக் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 முள்ளெலும்புகள். மண்டையை ஒட்டிய முதல் இரண்டுக்கு நடுவில் மட்டும் வட்டு கிடையாது. மற்றபடி வாலுக்கு முன்னால் இருக்கும் திரிக எலும்புவரை எண்ணினால் 26 வட்டுகள். ஒவ்வொன்றிலும் வெளியே நார் வளையம், உள்ளே வழுவழுவென்று ஒரு கூழ். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். இளசாக இருக்கும்போது விரலை விட்டால் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு வரும். மரத்திலேயே விட்டுவிட்டால் முற்றிப்போய்க் கத்திக்கும் மசியாது. மற்ற நாய்களுக்கு அந்த நுங்கு வயோதிகம்வரை ஓரளவு இளசாகவே இருக்கும். டாஷ்ஹண்டுக்கு ஒரு வயதுக்குள்ளேயே முற்றத் தொடங்கிச் சுண்ணாம்பு படிகிறது. அப்புறம் ஒரு நாள் சோபாவிலிருந்து குதிக்கும்போதோ, ஒன்றுமே செய்யாமல் திரும்பும்போதோ நார் வளையம் கிழிந்து, உள்ளே இருப்பது மேல்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கிறது. வளையத்தின் மேல்சுவர்தான் மெல்லியது. அதற்கு நேர் மேலே ஓடுவது தண்டுவடம். இப்படித் திடீரென்று வெடிப்பதையும், வயதான பெரிய நாய்களில் வட்டு மெல்லப் பிதுங்குவதையும் ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ்-யோர்கன் ஹான்சன் 1952-இல் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் மருத்துவர்கள் 'ஹான்சன் முதல் வகை', 'இரண்டாம் வகை' என்றுதான் எழுதுகிறார்கள். விலா எலும்புகளின் தலைகளைக் குறுக்கே கட்டும் இணைப்பு நார் மார்புப் பகுதி வட்டுகளுக்கு ஓர் அணை மாதிரி நிற்கிறது. பதினோராவது மார்பு முள்ளெலும்புக்குப் பின்னால் அந்த அணை இல்லை. மிளகுக்கு வெடித்தது பதின்மூன்றாவது மார்பு முள்ளெலும்புக்கும் முதல் இடுப்பு முள்ளெலும்புக்கும் நடுவில். பெரும்பாலான நாய்களுக்கு அந்த வட்டாரத்தில்தான் வெடிக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் அவன் நடுங்கினான். வாசற்படி ஏறாமல் நின்றான். வயிற்று வலி என்று நினைத்தோம். விடிந்தபோது பின்னங்கால் இரண்டும் தரையில் இழுபட்டன.

எங்கள் ஊர் மருத்துவர் இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது. "வலிக்குது டாக்டர்! உணர்ச்சி இருக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "காலைப் பாக்காதீங்கம்மா, மூஞ்சியப் பாருங்க." மறுபடி அழுத்தினார். கால் இழுத்தது. முகம் அப்படியே இருந்தது.

இந்த வித்தியாசம் எனக்குப் பாடமாகத் தெரியும். காலை இழுப்பது தண்டுவடம் தானாகச் செய்கிற அனிச்சைச் செயல். அதற்கு மூளை வேண்டாம். வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நாய் திரும்பிப் பார்க்கும், முனகும், கடிக்க வரும். இதை 'ஆழ் வலி' என்கிறார்கள். இது இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடை போயும் ஆழ் வலி மிச்சம் இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு பத்தில் ஒன்பது நாய்கள் நடக்கின்றன. அது போய்விட்டால் பத்தில் ஐந்தோ ஆறோதான். மருத்துவர் இடது காலின் வெளிவிரலை எலும்போடு சேர்த்து நன்றாக அழுத்தியபோது, மிளகு மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தான். வலது காலில் அதுவும் இல்லை. "இன்னிக்கு ராத்திரியே மெட்ராஸ் கெளம்புங்க" என்றார். இஸ்திரி போடும் பலகையின் மேல் அவனைப் படுக்கவைத்து, அம்மாவின் சுங்குடிப் புடவையால் சுற்றிக் கட்டிக் காரில் ஏற்றினோம்.

ஆபரேஷன் என்றால் முதுகெலும்பின் ஒரு பக்கச் சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு வெட்டி, அதன் வழியே தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கும் கெட்டிப்பட்ட கூழைச் சுரண்டி எடுப்பது. ஹெமிலேமினெக்டமி என்று பெயர். முடிந்ததும் மருத்துவர் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை என்னிடம் காட்டினார். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு காய்ந்து பொருக்குத் தட்டினால் எப்படி இருக்கும்? அப்படி அரைத் தேக்கரண்டி. ஒரு உயிரைப் படுக்கவைக்க அவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது.

அந்தச் சுண்ணாம்பை எடுத்துவிட்டால் அழுத்தம் போகும். ஆனால் வெடித்த வேகத்தில் தண்டுவடத்தில் பட்ட அடி அங்கேயே இருக்கும். அதைக் கத்தியால் எடுக்க முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பெரும்பாலான கெடுதல்கள் அந்த அடியிலிருந்தும், அந்த அடி ஆறும்வரை உடம்பு அசையாமல் கிடப்பதிலிருந்தும் வருகின்றன. கத்தி பட்டதால் வருவன குறைவு. எலும்புக்குள் ஓடும் சிரைகளில் ரத்தம் கசிந்து கட்டி மறுபடி அழுத்தலாம். கொஞ்சம் சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடலாம். அப்போது மறுபடி திறக்க நேரும். முதல் ஓரிரு நாள் கால்கள் முன்னைவிடத் தொய்ந்திருப்பது சாதாரணம்தான். ஆனால் இருந்த ஆழ் வலி போனாலோ, நாளுக்கு நாள் மோசமானாலோ அந்த நிமிடமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பக்கத்துக் கூண்டில் ஒரு ஃபிரெஞ்ச் புல்டாக் இருந்தது. நான்கு வயது. அதை வளர்த்தவர் என் மகன் வயதுப் பையன். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கூண்டுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தே இருப்பான். அந்த நாய்க்கு இரண்டு காலிலும் ஆழ் வலி இல்லை. எங்களுக்கு ஒரு நாள் முன்னால் ஆபரேஷன் ஆகியிருந்தது.

அதன் முதுகு மயிரைச் சிரைத்த இடத்தில் மருத்துவர் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். முதுகெலும்பின் ஓரத்தில் தோலைக் கிள்ளினால், ஈ உட்கார்ந்த மாட்டுத் தோல் சிலிர்ப்பதுபோல நாயின் தோல் சிலிர்க்கும். தண்டுவடத்தில் அடிபட்ட இடத்துக்குப் பின்னால் சிலிர்க்காது. எந்த இடத்தோடு சிலிர்ப்பு நிற்கிறதோ அங்கே கோடு. சாயங்காலம் கிள்ளிப் பார்த்தபோது சிலிர்ப்பு அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. புதிதாக ஒரு கோடு போட்டார். மறுநாள் காலை மூன்றாவது கோடு, தோளுக்குப் பக்கத்தில். காலில் அந்த அனிச்சை இழுப்புக்கூடப் போய்விட்டது. வயிறு தளர்ந்து தொங்கியது. காய்ச்சல். முன்னங்கால்கள் தள்ளாடின.

மயலோமலேசியா. தண்டுவடம் அடிபட்ட இடத்திலிருந்து முன்னும் பின்னும் செத்துக் கூழாகிக்கொண்டே போவது. ஆழ் வலி போன நாய்களில் பத்தில் ஒன்றுக்கு வருகிறது. ஃபிரெஞ்ச் புல்டாகுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள் தெரிந்துவிடும். ஆபரேஷன் நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் வரும், செய்யாவிட்டாலும் வரும். மருந்து இல்லை. மேலே ஏறி மூச்சுத் தசைகளைத் தொட்டால் நாய் நினைவோடு இருக்கும்போதே மூச்சு நிற்கும். அதற்கு முன்னால் தூங்கவைத்துவிடுவதுதான் கருணை என்று மருத்துவர் அந்தப் பையனிடம் சொன்னபோது அவன், "நான் லேட்டா கொண்டுவந்துட்டேனா?" என்று கேட்டான். இல்லை என்றார். அவன் மறுபடியும் கேட்டான். இப்படி ஒன்று வரக்கூடும் என்று ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே வாயால் விளக்கிச் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை அவ்வளவு குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்குப் போயிருக்க மாட்டான். மதியம் அவன் நாயின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

ஆபரேஷனான இரண்டாம் நாள் மிளகுக்கு மலம் தாரைப்போலக் கறுப்பாகப் போனது. இது எங்களால் வந்தது. சொல்லியே ஆக வேண்டும். முதல் நாள் அவன் நடுங்கியபோது, என் கணவர் தன் முழங்கால் வலி மாத்திரையில் பாதியை மோரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். மறுநாள் ஊர் மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போட்டார். "வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டபோது நான் இல்லை என்றேன். எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற அவர் பயத்தில் சும்மா இருந்துவிட்டார். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேர்ந்தால் நாயின் இரைப்பையும் குடலும் புண்ணாகி ரத்தம் கசியும். குடலே ஓட்டையாகி நாய் இறந்ததும் உண்டு. முதுகு அடிபட்ட நாய்க்கு அந்த ஆபத்து அதிகம். கறுப்பு மலம் என்றால் உள்ளே கசிந்த ரத்தம். நல்லவேளையாக அன்றைக்கே உண்மையைச் சொன்னார். வலி மருந்தை நிறுத்தி, வேறு வகையில் வலியை அடக்கி, வயிற்றுக்கு மருந்து கொடுத்து ஐந்து நாளில் சரிசெய்தார்கள். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை நாய்க்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால், கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2006-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் அது எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. தெரியாமல் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஸ்டீராய்டு பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நோய்க்கு அதை வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் வெட்டரினரி இன்டர்னல் மெடிசின் என்ற அமைப்பு 2022-இல் ஒருமித்த அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. போடுவதற்கு முன்னால் 'அவசியமா?' என்று கேட்கலாம், தப்பில்லை.

அந்தச் சாத்துக்குடிக்கு வருகிறேன்.

நாய் தானாகச் சிறுநீர் கழிக்க மூளை, தண்டுவடம், சிறுநீர்ப்பை மூன்றும் பேசிக்கொள்ள வேண்டும். பை நிறைந்ததை மூளை உணர்ந்து, இடம் பார்த்து, சரி என்று உத்தரவு கொடுத்தால்தான் பை சுருங்கும். அதே நேரத்தில் பையின் வாய் திறக்கும். நடுவில் கம்பி அறுந்தால் உத்தரவு வராது. மிளகுக்கு அடிபட்டது போல மேலே அடிபட்டால் வாய் இறுக மூடிக்கொள்ளும். பை ஊதிக்கொண்டே போய், கடைசியில் தாங்காமல் சொட்டுச் சொட்டாக வழியும். துணி நனையும். வீட்டார் சந்தோஷப்படுவார்கள். உள்ளே பையின் தசை ரப்பர் பேண்டை இழுத்தே வைத்திருந்தது மாதிரி நைந்துபோகும். பல நாள் அப்படியே கிடந்தால் பிறகு கம்பி சேர்ந்தாலும் அந்தத் தசையால் சுருங்க முடியாமல் போய்விடலாம். தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகிச் சிறுநீரகம்வரை ஏறும்.

அன்று காலை ஆய்வாளர் என்னைத் தரையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "விரல் நுனியால குத்தாதீங்க டீச்சர். உள்ளங்கை ரெண்டையும் தட்டையா வைங்க, தொடைக்கு முன்னால. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் மெல்ல மெல்லச் சேருங்க. சப்பாத்தி மாவ அமுக்குற மாதிரி இல்ல. பழுத்த மாம்பழத்தத் தொட்டுப் பாப்பீங்களே, அந்த அழுத்தம். கொஞ்சம் பின்பக்கமாத் தள்ளிப் புடிங்க. புடிச்சிட்டு விடாதீங்க. காத்திருங்க." என் கை நடுங்கியது. பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஆண் நாய்க்கு எப்போதும் கஷ்டம்தான் என்றார். எவ்வளவு பிடித்தும் வராவிட்டால் மேலும் அழுத்தக் கூடாது, பை கிழிந்துவிடும், ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு அவருடைய கை என் கைமேல். ஒரு சொட்டு. இன்னொன்று. அப்புறம் மெல்லிய நூல் மாதிரி தொடர்ந்து வந்தது. அளவுக்குவளையில் பிடித்தோம். 220 மில்லி. வயிறு குழைந்து தளர்ந்ததும் மிளகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். மூன்று நாளில் அன்றைக்குத்தான் கண்ணை மூடித் தூங்கினான்.

அன்றிலிருந்து காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பதினொன்று. பழைய மதிப்பெண் பதிவேட்டில் மீதியிருந்த தாள்களில் தேதி போட்டு அளவு எழுதினேன். 70, 60, 85, 55. மூடிய வாயைத் தளர்த்தப் பிரசோசின் என்ற மாத்திரையைச் சென்னை மருத்துவர் போனிலேயே சொன்னார். நான்காம் நாளுக்குள் என் உள்ளங்கைக்குக் கண் வந்துவிட்டது. தொட்டதும் எலுமிச்சை, சாத்துக்குடி என்று சொல்லிவிடுவேன்.

அப்படியும் பன்னிரண்டாம் நாள் கிருமி வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, முனகல் இல்லை, சாப்பாடு குறையவில்லை. முதுகுக்குக் கீழே மரத்துப்போன நாய் எரிச்சலை எப்படிச் சொல்லும்? குவளையில் சிறுநீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது, நாற்றம் மாறியிருந்தது. இதுதான் அடையாளம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மிகச் சாதாரணமாக வரும் தொல்லை இது. மாதிரி எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள், ஈ.கோலை. எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்து அந்த மருந்தைக் கொடுத்தார்கள். முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எதற்கும் மசியாத கிருமிதான் மிஞ்சும். கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு ஆபத்து உண்டு, ஈ. அசையாமல் படுத்த நாயின் ஈர மயிரில் ஈ முட்டையிட்டால், அடிக்கிற வெயிலில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆய்வாளர் தன் வேலைக்காலத்தில் பார்த்த புழுப்புண்களைப் பற்றிச் சொன்ன அன்றே, கூண்டின்மேல் கொசுவலை கட்டினேன். பின்பக்க மயிரை ஒட்ட வெட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் துடைத்து, உலர்த்தி, வாசலின் தடவினேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டும் வலது இடுப்பெலும்பு முனையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்துவிட்டது. படுக்கைப்புண்ணின் தொடக்கம். மெத்தையை இரட்டித்து, அந்தப் பக்கம் படுக்கவே விடாமல் பார்த்துக்கொண்டதில் தோல் உடையவில்லை. தையலுக்குப் பக்கத்தில் தண்ணீர் கோத்து முட்டை மாதிரி வீங்கியது. சூடு, சிவப்பு, சீழ் இல்லாதவரை அதை நோண்டக் கூடாது என்றார்கள். எட்டு நாளில் தானே வற்றியது.

கூண்டு மூன்றரைக்கு இரண்டரை அடி. தச்சரிடம் சொல்லிச் செய்தது. குறைந்தது நான்கு வாரம் அதற்குள்தான். அவன் பார்க்கும் பார்வையில் என் கணவர் இரண்டு தடவை கதவைத் திறக்கப் போனார். தடுத்தேன். வெடித்த வட்டின் வளையத்தில் ஓட்டை ஆறாமல் இருக்கும். ஒரு குதியில் மிச்சமிருப்பதும் வெளியே வரும். அன்பினால் திறந்த கதவுதான் பல நாய்களை மறுபடி மேசைக்கு அனுப்பியிருக்கிறது. கூண்டுக்குள்ளேயே பின்னங்கால்களைச் சைக்கிள் மிதிப்பது மாதிரி தடவைக்குப் பத்து சுற்று, நாளுக்கு மூன்று தடவை. வெளியே எடுக்கும்போது சுங்குடிப் புடவையை நான்காக மடித்து வயிற்றுக்கடியில் தூளி மாதிரி கொடுத்து, பாதம் தரையில் படும்படி நிறுத்துவேன். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்போடு சேரும் பட்டை வாங்கினோம்.

பதினாறாம் நாள் வால் அசைந்தது. அதற்கு முன்னாலும் துடைக்கும்போது வால் துடிக்கும். நான் துள்ளுவேன். ஆய்வாளர், "தொட்டா ஆடுறது கணக்கில்ல டீச்சர்" என்பார். இடுக்கிக்குக் கால் இழுத்ததுபோல அதுவும் தண்டுவடத்தின் சொந்த வேலை. சில நாய்கள் பல மாதங்களுக்குப் பிறகு வலி உணர்ச்சியே இல்லாமல் அந்த அனிச்சையாலேயே ஒருவிதமாகத் தள்ளாடி நடக்கவும் செய்யும். அன்று யாரும் அவனைத் தொடவில்லை. தெருவில் பால்காரர் சைக்கிள் மணி கேட்டது. அவர்தான் தினம் பாக்கெட் மூலையைக் கத்தரித்து ஒரு வாய் பால் ஊற்றுவார். காது முதலில் திரும்பியது. பிறகு வால், ஒருமுறை இடதுபக்கம், நின்று, ஒருமுறை வலதுபக்கம். கேட்டது காது. ஆட்டியது மூளை. நடுவில் பதின்மூன்றாம் எலும்பைத் தாண்டி உத்தரவு போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

இருபத்துநான்காம் நாள் வேப்ப மரத்தடியில் புடவைத் தூளியில் நின்றபோது தானாகக் கழித்தான். பாதியில் ஒரு நாய் குரைத்ததும் நிறுத்தினான். பார்த்தான். மறுபடி தொடங்கினான். வழிவது நடுவில் நிற்காது. அதற்கப்புறமும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சின்ன எலுமிச்சைகூட இல்லை. பதிவேட்டில் அளவு எழுத முடியவில்லை, 'மண்ணில் போனது' என்று எழுதினேன். ஆறாம் வாரம் தூளி இல்லாமல் திண்ணைவரை நடந்தான்.

இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. வலது பின்னங்கால் இன்னும் கொஞ்சம் பின்னுகிறது. டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்க வாசலிலிருந்து அடுப்படிவரை ரப்பர் பாய் ஒட்டியிருக்கிறேன். சோபாவுக்கு ஒரு சாய்வுப் பலகை. எடை ஒரு கிலோ குறைத்தாயிற்று. ஆபரேஷனின்போதே பக்கத்து வட்டுகள் சிலவற்றிலும் துளையிட்டு உள்கூழை எடுத்துவிட்டார்கள். அங்கே மறுபடி வெடிக்கும் வாய்ப்பு குறைவு. மற்ற வட்டுகள் அவனுடைய இனத்துக்குரிய வட்டுகள்தான், வேறு இடத்தில் வரலாம். அதனால் இரவு படுக்கும் முன் முதுகை ஒருமுறை நீவிப் பார்ப்பேன், வயிற்றையும்.

போன மாதம் தில்லைநகரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். என் பழைய மாணவி ஒருத்தியின் அக்காவாம். அவர்களுடைய பீகிளுக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு நாளாகிறது.

"நல்லாத்தான் இருக்கான் டீச்சர். கால் மட்டும் இன்னும் வரல. யூரின்லாம் தானா போயிடுது, துணி நனைஞ்சுக்கிட்டே இருக்கு."

"எதையும் செய்யாதம்மா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். கூடத்தில் நான்கு நனைந்த துண்டுகள் ஒரு பக்கெட்டில் கிடந்தன. நாய் என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவள் கையை எடுத்து அதன் அடிவயிற்றில் வைத்தேன்.